தெற்கே தலை வைத்த துரை

மலர்க்கொடி கடப்பாரையின் மேல் முழு உடம்பையும் சாய்த்தாள். கல் அசையவில்லை.

"அக்கா, நீ தொங்குற. நெம்பல," என்றான் தம்பி செழியன்.

"பேசாம நீயும் தொங்கு."

இரண்டு பேருமாகத் தொங்கினார்கள். மண்ணுக்குள் எதுவோ பல்லை நறநறவென்று கடித்தது. ஆம்ப்ரோஸ் பெல் துரையின் கல், அறுபது வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு பக்கம் சாய்ந்தது.

பக்கத்து வீட்டுப் பூவம்மாள் சாணிக் கரைசல் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "துரை, கோச்சுக்காதய்யா. இவ வார்டு மெம்பரு. எதுக்கெடுத்தாலும் அவசரம்."

அவசரம்தான். 'மயிலாடுதுறையிலேருந்து கிளம்பிட்டோம் மலர்க்கா. ஆர்.டி.ஓ. அம்மா நேரா அங்க வந்துடறாங்களாம்' என்று, விருந்தாளியைக் கூட்டிவரப் போன பர்வின் அனுப்பிய செய்தி வந்து ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகிவிட்டது. குத்தாலம் ரோட்டில் பாதிக்குக் குறுவை நெல் காயப்போட்டிருப்பார்கள். கார் அதைச் சுற்றிச் சுற்றித்தான் வர வேண்டும். அந்த நெல்லின் தயவுதான் மலர்க்கொடிக்கு மிச்சம்.

"மண்ணைத் தள்ளு. மேட்டைக் கலை. கல்லை அந்தக் கோடிக்கு உருட்டு."

"மேற்க கோடிக்கா?"

"மேற்கதான். தலை மேற்க, கால் கிழக்க. எத்தனை தடவை சொல்றது?"

துரைமேட்டில் நாற்பது வீடு. வாய்க்கால் கரையை ஒட்டி, நடுவில் இந்த மண் சமாதி, சுற்றிலும் வீடுகள். கூலிக்குப் போன காலத்தில் குடிசை, அப்புறம் தொகுப்பு வீடு, இப்போது சிலது மாடியும் வைத்துவிட்டன. போன தைமாதம் புறவழிச்சாலைக்கு அளந்தவர்கள் சிவப்புத் தலை வைத்த கல்லை வரிசையாக நட்டுக்கொண்டே வந்தார்கள். மலர்க்கொடியின் கல் அவளுடைய கேஸ் அடுப்புக்கு நேர் பின்னால் இறங்கியது. காகிதத்தில் மொத்த மேடும் வாய்க்கால் புறம்போக்கு.

கோட்டாட்சியர் ஆபீசுக்கு நடையாய் நடந்து, கடைசியில் ஆர்.டி.ஓ. அம்மா வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை கிடைத்தது. "இது நிஜமாவே பழைய வெள்ளைக்காரர் சமாதின்னா, அவர் ஊர்க்காரங்க வந்து என் முன்னாடி சொல்லட்டும். ரோட்டை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தள்ளலாம்னு நான் எழுதறேன். அந்தப் பக்கம் வெறும் கருவக்காடுதானே."

கல்லில் ஊர்ப்பெயர் இருந்தது: ஆல்டர்விக். குடவாசல் பர்வின், காலேஜில் இங்கிலீஷ் எடுக்கிறவள், அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு நெட்டில் தேடி, இங்கிலாந்தில் அந்தச் சின்ன ஊரையும், அந்த ஊரின் சரித்திரத்தை வீடு வீடாக எழுதிக்கொண்டிருக்கும் ஐரிஸ் விட்கோம் என்ற அம்மாளையும் கண்டுபிடித்துவிட்டாள். போன வாரம் சமாதியை வீடியோ எடுத்து அனுப்பினாள். அந்த அம்மாள் அடுத்த விமானத்திலேயே ஏறிவிட்டாள்.

எல்லாம் சரி. ஒரே ஒரு சிக்கல். சமாதிக்குள் யாரும் இல்லை.

அது மேட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. மிராசுதார் குடிசைகளைப் பிரிக்க ஆள் திரட்டிய சமயத்தில், மலர்க்கொடியின் அப்பா இராஜாங்கமும் இன்னும் நாலு இளவட்டங்களும் இடிந்துபோன மதகிலிருந்து எழுத்து வெட்டிய இந்தக் கல்லைத் தூக்கிவந்து மேட்டில் நட்டு மண்ணைக் குவித்தார்கள். கூலிக்காரன் குடிசையில் எவனும் கை வைப்பான். வெள்ளைக்காரன் சமாதியில் வைக்க மாட்டான். கணக்கு தப்பவில்லை. ஆட்கள் வந்தார்கள், கல்லைப் பார்த்தார்கள், தொப்பியைக் கழற்றாத குறையாகத் திரும்பிப் போனார்கள். அடுத்த ஆடியில் யாரோ ஒரு சுருட்டு வைத்தார்கள். அதற்கடுத்த ஆடியில் பிராந்தி. இப்போது மேட்டில் காதுகுத்து என்றால் முதல் பத்திரிகை துரைக்குத்தான்.

அந்தச் சிக்கலோடு மலர்க்கொடி பழகியிருந்தாள். இன்று விடிந்ததும் வந்தது வேறொன்று.

பர்வின் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஆல்டர்விக் கல்லறைத் தோட்டம். பனியில் வரிசை வரிசையாகக் கற்கள், எல்லாம் ஒரே திசைக்கு. முன்னால் பாசி படிந்த ஒரு கல், அதன் அடியில் ஜாம் பாட்டிலில் மஞ்சள் பூ. கூடவே பர்வினின் குரல்: "ஐரிஸ் அம்மா இதை உங்களுக்கு அனுப்பச் சொன்னாங்க மலர்க்கா. அவங்க ஊர்ல மேற்க தலை வச்சு, கிழக்க கால் நீட்டித்தான் புதைப்பாங்களாம். செத்தவங்க எல்லாம் எந்திரிக்கிற கடைசி நாளன்னைக்கு சூரியனைப் பாத்து எந்திரிக்கணுமாம். எதுக்குச் சொல்லச் சொன்னாங்கன்னு தெரியல."

வாயில் பிரஷ்ஷோடு மலர்க்கொடி வெளியே வந்து துரையைப் பார்த்தாள். துரை தெற்கே தலை வைத்துப் படுத்திருந்தார். மேட்டில் செத்த ஒவ்வொருவரும் சுடுகாட்டில் எப்படிக் கிடத்தப்பட்டார்களோ, அப்படியே.

கேட்டதற்கு இராஜாங்கம் சொன்னது இதுதான்: "தெக்க வைக்காம? பொணத்துக்கு வேற எந்தத் திக்கு இருக்கு?"

இப்போதும் அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, அன்னைக்குக் கல்லு சாயாம முட்டுக் கொடுத்த பாறாங்கல்லை எங்க வச்சிருந்தீங்கன்னாவது சொல்லுங்க. இங்கயும் முட்டுக் கொடுக்கணும்."

"படுத்துக் கெடந்த மனுசனைப் பொரட்டிப் போடறீங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"உள்ள யாரும் இல்லப்பா. நீங்கதானே வச்சீங்க."

"சத்தமாச் சொல்லாத. அவருக்குக் கேட்டுடும்."

செழியனுக்குச் சிரிப்பு வந்து மண்வெட்டி நழுவியது. மலர்க்கொடிக்கு வரவில்லை. மேற்குக் கோடியில் வெட்டிய குழியில் வேப்பம் வேர் குறுக்கே நின்றது. அதை வெட்ட நேரமில்லை. கல்லை நிமிர்த்தி இறக்கினார்கள். முன்பு இருந்த ஆழத்துக்கு ஒரு விரற்கடை குறைவு. அந்த ஒரு விரற்கடையில், இத்தனை காலம் மண்ணுக்குள் இருந்த அடுத்த வரி எட்டிப் பார்த்தது. 'இந்த மதகைக் கட்டியவர்' என்று இங்கிலீஷில் தொடங்கும் வரி.

"மூடு, மூடு. மண்ணை அணை."

மலர்க்கொடி கையாலேயே ஈர மண்ணை அள்ளிப் பூசினாள். பூவம்மாள் மேட்டின் மேல் சாணி மெழுகினாள். விருந்தாளி வருகிறாள் என்று மெழுகியதாகச் சொல்லிக்கொள்ளலாம். பழைய இடத்துக் குழியைத் தூர்த்து, மேலே வாழை இலையை விரித்துப் படையலை வைத்தார்கள். கருவாட்டுக் குழம்பு, சுருட்டு, ஒரு குவார்ட்டர்.

கார் ஹாரன் அடித்தது.

ஐரிஸ் விட்கோம் நெட்டையாக இருந்தாள். எழுபது தாண்டியிருக்கும். முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. தலையில் துணித் தொப்பி, தோளில் துணிப்பை. இறங்கியதும் இரண்டு கையையும் கூப்பினாள். பிறகு சமாதியைப் பார்த்தாள். அப்புறம் வானத்தைப் பார்த்தாள், வெயில் எந்தப் பக்கம் என்று பார்ப்பதுபோல.

ஐரிஸ் ஏதோ சொன்னாள். பர்வின் சொன்னாள், "ரொம்ப அழகா இருக்காம். ரொம்ப சுத்தமா மெழுகியிருக்கீங்களாம்."

பின்னாலேயே ஜீப். ஆர்.டி.ஓ. அம்மா குடையோடு இறங்கினார். சின்ன வயசு, சிரிக்காத முகம். "உங்க கை என்ன இவ்ளோ மண்ணா இருக்கு?" என்று முதல் கேள்வியே மலர்க்கொடியிடம்தான்.

"நாத்தங்கால்ல இருந்தேங்க மேடம். அப்படியே ஓடியாந்தேன்."

"சேலையில சாணி இருக்கு."

"அங்க மாடும் இருந்துச்சுங்க."

ஆர்.டி.ஓ. அம்மா படையலைப் பார்த்தார். "பிராந்தியா?"

இராஜாங்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். விருந்தாளி வந்த பிறகு முதுகு காட்டுவது அவருக்கு வழக்கமில்லை. "அவருக்குப் புடிக்கும்ங்க."

பர்வின் அதை இங்கிலீஷில் சொல்ல, ஐரிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பர்வினுக்கும் சிரிப்பு. "பெரியப்பா, பெல் துரைதான் ஆல்டர்விக்ல மதுவிலக்குச் சங்கத்தையே ஆரம்பிச்சவராம். சாராயக்கடை வாசல்ல நின்னுக்கிட்டு உள்ள போறவங்க பேரைச் சத்தமா வாசிப்பாராம். ஊர்ல பாதிப்பேர் அவர்கிட்ட பேச மாட்டாங்களாம்."

இராஜாங்கம் கொஞ்சம் யோசித்தார். "அங்க குளிரு. இங்க வந்து மனசு மாறியிருக்கும்."

"எப்ப ஆரம்பிச்சார் அந்தச் சங்கத்தை?" என்றார் ஆர்.டி.ஓ. அம்மா, நேராக இங்கிலீஷில்.

ஐரிஸ் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டாள். சின்ன வயசில், இங்கே கப்பல் ஏறுவதற்கு முன்னால் என்றாள்.

டீ வந்தது. அதோடு பூவம்மாளின் செவலைக் கோழியும் வந்தது. நேராக இலைக்குப் போய்க் கருவாட்டைக் கொத்தி, பிறகு இலையோரத்து மண்ணைக் கிளற ஆரம்பித்தது. புது மண் பொலபொலவென்று வந்தது. கோழிக்கு ஒரே குஷி. மலர்க்கொடி கண்ணால் பூவம்மாளுக்குக் காட்டினாள். பூவம்மாள் கண்ணாலேயே கோழியை அதட்டிப் பார்த்தாள்.

அப்போது ஐரிஸ் ஒரு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, இலையை ஒதுக்கி, கோழியை விரட்டி, சரியாக அந்தக் குழியின் மேல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வேப்ப நிழல் நாலடியில் இருக்கிறது. இவள் உச்சி வெயிலில். நாற்காலியின் பின்கால் இரண்டும் மெதுவாக மண்ணில் இறங்கின. சாய்ந்தபடியே டீயை உறிஞ்சினாள்.

"வெள்ளைக்காரங்களுக்கு வெயில்னா ஒரு ஆசை," என்று முணுமுணுத்தாள் பூவம்மாள்.

உட்கார்ந்தவள் தன் ஊரைச் சொல்ல ஆரம்பித்தாள். பர்வின் கூடவே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். ஆல்டர்விக்கில் பார்லியை முளைகட்டும் கொட்டகைகள். அதன் பின்னால் ஒரு தெரு. ஐரிஸ் பிறந்தது அங்கேதான். முதல் வீட்டில் ஒரு செருப்புத் தைக்கிறவர். அவர் வளர்த்த வாத்து தபால்காரனைக் கடிக்கும், பாதிரியாரைக் கடிக்காது. அடுத்த வீட்டில் இரட்டைச் சகோதரிகள், ஒரே தொப்பியை வாரம் மாற்றி வாரம் போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போனவர்கள். அதற்கடுத்து சர்ச் மணி அடிக்கிறவர். காது கேட்காது. அதனால்தான் அவருக்கு அந்த வேலையாம். பேக்கரிக்காரி, அவள் கணவன், அவள் கணவன் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்த இன்னொருத்தன்.

"நம்ம தெரு மாதிரியே இருக்கு," என்றான் செழியன்.

"இப்ப அங்க யாரு இருக்காங்க?" என்று கேட்டார் இராஜாங்கம்.

பர்வின் கேட்டுச் சொன்னாள். "ரவுண்டானா இருக்காம்."

கோழி மட்டும் கொக்கரித்தது. ஐரிஸுக்கு ஏழு வயசாக இருக்கும்போது ரோடு வந்ததாம். அளந்தார்களாம், காலி பண்ணச் சொன்னார்களாம். "அந்தத் தெருவில யார் யார் இருந்தாங்கன்னு எழுதத்தான் முதல்ல உக்காந்தாங்களாம். அப்புறம் அப்படியே மொத்த ஊரும் ஆயிடுச்சாம்," என்றாள் பர்வின்.

மலர்க்கொடி பாதிதான் கேட்டாள். அவள் கண் ஆர்.டி.ஓ. அம்மாவின் குடையைத் தொடர்ந்துகொண்டிருந்தது. குடை சமாதியைச் சுற்றி வந்தது. மேற்குக் கோடியில் நின்றது. குனிந்தது.

"கீழே இன்னும் எழுத்து இருக்கு போலிருக்கே."

வெயிலில் மண் காய்ந்து வெடித்திருந்தது. பூசிய மண் ஒரு சில்லாக உதிர்ந்து, அடுத்த வரியின் முதல் எழுத்துகள் தலை நீட்டின.

"அது சும்மா பூ வேலைங்க மேடம்," என்றாள் மலர்க்கொடி.

"பூ வேலையா? எழுத்து மாதிரி இருக்கு. கொஞ்சம் மண்ணை எடுங்க, படிச்சுடலாம்."

செழியன் மண்வெட்டியைப் பார்த்தான். மலர்க்கொடி செழியனைப் பார்த்தாள். இராஜாங்கம் கண்ணை மூடிக்கொண்டார். நாற்பது வீடும் கேஸ் அடுப்பும் மாடிப்படியும் அந்தக் காய்ந்த மண் சில்லின் மேல் நின்றுகொண்டிருந்தன.

ஐரிஸ் நாற்காலியிலிருந்து எழுந்தாள். துணிப்பைக்குள் கை விட்டு ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். கல்லுக்கு முன்னால் மண்டியிட்டாள். டப்பாவைத் திறந்தாள். உள்ளே கறுப்பாக, ஈரம் மாறாத மண்.

"அவங்க ஊர் மண்ணாம்," என்றாள் பர்வின். அவளுக்கே இது புதிது. "துரைக்காகக் கொண்டுவந்தாங்களாம். இப்ப போடணும், கொஞ்சம் அமைதியா இருக்கணும்னு கேட்டுக்கறாங்க."

ஆர்.டி.ஓ. அம்மா நிமிர்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்தார். ஐரிஸ் மண் முழுவதையும் கல்லின் அடியில் கொட்டினாள். கையால் பரத்தினாள். அணைத்தாள். ஓரம் கட்டினாள். நாற்று நடுகிறவள் போல அழுத்தி அழுத்தி விட்டாள். அவள் எழுந்தபோது கல்லில் மூன்று வரிதான் இருந்தது. பெயர், ஊர், ஒரு வருஷம்.

அதைக் கிளறி எழுத்தைப் படிக்கச் சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆர்.டி.ஓ. அம்மாவுக்கும் வரவில்லை. ஆனால் அவர் வந்த வேலையை மறக்கிறவர் இல்லை.

"எனக்கு ஒரே ஒரு பதில் வேணும். இங்க இருக்கிறது உங்க ஊர் ஆம்ப்ரோஸ் பெல்லா? ஆமாவா, இல்லையா?"

இங்கிலீஷில்தான் கேட்டார். பர்வின் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ஐரிஸ் கல்லைப் பார்த்தாள். சுருட்டைப் பார்த்தாள். மலர்க்கொடியின் நகக்கண்ணில் இருந்த மண்ணைப் பார்த்தாள். தன் நகக்கண்ணிலும் பார்த்தாள். இரண்டும் ஒரே கறுப்பு.

"ஆமா," என்றாள் தமிழிலேயே. காரில் வரும்போது கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

ஆர்.டி.ஓ. அம்மா தலையசைத்தார். "சரி. கருவக்காட்டுப் பக்கம் தள்ளச் சொல்லி இன்னைக்கே எழுதறேன்." செருப்பை மாட்டிக்கொண்டு ஜீப்புக்குப் போகும் வழியில் மலர்க்கொடியிடம் மட்டும் நின்றார். "நாத்தங்கால்ல மாடு விடாதீங்க. நாத்து போயிடும்."

ஜீப் போனதும் மேடே மூச்சு விட்டது. பூவம்மாள் கோழியைப் பிடித்து மடியில் வைத்துத் திட்டிக்கொண்டே கொஞ்சினாள். இராஜாங்கம் குவார்ட்டரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். துரை சங்கம் வைத்தவர் என்று தெரிந்த பிறகு அதை அங்கே விட்டுவைப்பது மரியாதை இல்லையாம்.

மலர்க்கொடிக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. எதுவோ இடறியது. நிழலை விட்டுவிட்டு வெயிலில் போட்ட நாற்காலி. சரியாக அந்த வரியின் மேல் விழுந்த மண். கார் வரைக்கும் கூடவே நடந்தாள்.

"பர்வின், அவங்களுக்கு என்ன தெரியும்னு கேளு."

"என்ன தெரியணும்?"

"நீ கேளேன்."

பர்வின் கேட்டாள். ஐரிஸ் சிரித்தாள். மலர்க்கொடியின் மண் கையைத் தன் மண் கையால் பிடித்துக் குலுக்கினாள். காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கி, இரண்டு வார்த்தை சொன்னாள்.

"காலையில அனுப்பின படத்தைப் பெருசாக்கிப் பாக்கச் சொல்றாங்க மலர்க்கா," என்றாள் பர்வின். "எனக்கும் ஒண்ணும் புரியல."

கார் நெல்லைச் சுற்றிக்கொண்டு திரும்பி மறைந்தது.

மலர்க்கொடி முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். ஆல்டர்விக் கல்லறைத் தோட்டம். பனி. ஒரே திசையில் வரிசைகள். முன்னால் அந்தப் பாசி படிந்த கல். ஜாம் பாட்டில், மஞ்சள் பூ. இரண்டு விரலால் விரித்தாள். பாட்டிலுக்குப் பக்கத்தில் மண்ணில் ஒரு சின்னப் பள்ளம், புதிதாகத் தோண்டியது. ஒரு பிஸ்கட் டப்பா அளவு. இன்னும் விரித்து, மேலே தள்ளினாள்.

பாசிக்கு நடுவே எழுத்துகள். இங்கே துரையின் கல்லில் வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிய அதே எழுத்துகள். இருட்டில் தடவினாலும் தெரியும்.

ஆம்ப்ரோஸ் பெல். ஆல்டர்விக். கீழே பிறந்த வருஷமும், இறந்த வருஷமும்.